பதினெட்டில் ஓடிய நான்கு நிமிடம்

மேச்சேரி
19-6-1983

அக்காவுக்கு,

18-6-1983, சனிக்கிழமை, மாலை ஏழு மணி இருபது நிமிடம். தலைகள் 312. ஆண்கள் 204, பெண்கள் 108. மடியில் இருந்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. மெட்ராஸில் நீயும் உன் குழுவும் எடுத்து அனுப்பிய படத்தை நம் ஊர் கலையரங்கத்தில் போட்டு முடித்தாயிற்று.

மேடை நெற்றியில் ‘உபயம்: நாடக வேங்கை வேல்மாறன்’ என்று சிமெண்டு எழுத்து இருக்கிறதல்லவா, அதற்கு நேர் கீழே திரை கட்டினேன். வேறெங்கே கட்டினாலும் முன்வரிசைக்குக் கழுத்து வலிக்கும். பஞ்சாயத்தில் அனுமதி கேட்டபோது ‘வேல்மாறனைப் பற்றிய படம்’ என்று மட்டும் சொன்னேன். அவர் நாடகக் கம்பெனியில் இருந்த பெண்கள், அவர் தங்களுக்குச் செய்த அக்கிரமத்தைச் சொல்கிற படம் என்று சொல்லியிருந்தால் கம்பம் நடவே விட்டிருக்க மாட்டார்கள். பாதிப் பேர் பாட்டும் கத்திச்சண்டையும் இருக்கும் என்று நம்பி வந்து உட்கார்ந்தார்கள். அவர் ரசிகர் மன்றத்துப் பையன்கள் திரைக்குப் போட மாலைகூடக் கொண்டுவந்தார்கள்.

புரொஜெக்டர் மெஷின் நம்முடையதுதான். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்டித் தேய்ந்து ஏலத்துக்கு வந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து சரிபண்ணினேன். மேசைக்கு ஒரு கால் குட்டை. படப்பெட்டிக்குள் ஏதோ காகிதம் மடித்து வைத்திருந்தீர்கள். அதையே இன்னும் இரண்டு மடிப்பு மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்து லெவல் பார்த்துக்கொண்டேன்.

இனி நடந்தது. முதல் பெண் பேச ஆரம்பித்து ஒன்பதாவது நிமிடம் முதல் விசில். பதினோராவது நிமிடம் மயில்சாமி எழுந்தான். சைக்கிள் கடைக்காரன், இப்போது அவன்தான் மன்றச் செயலாளர். “ஊருக்கு மேடை கட்டிக் குடுத்த மனுசனை அதே மேடையில வெச்சுத் திட்டறீங்களா, நல்லா இருக்குதுடா உங்க நாயம்” என்றான். அவனோடு 63 பேர் போனார்கள். வீட்டுக்குப் போகவில்லை, எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு அங்கிருந்தே சத்தம் போட்டார்கள். அருணகிரி வாத்தியார், இத்தனை வருடம் கழித்து இதை ஏன் கிளற வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டபடியே இருந்தார். ஆனால் எழவில்லை. பெண்கள் பக்கம் மூச்சு இல்லை. அம்மா மட்டும், “அந்த ரெண்டாவதாப் பேசுன புள்ள பொய் சொல்லல. பொய் சொல்றவ நடுவுல தண்ணி கேப்பா” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

இப்போது ஒரு புகார். மூன்றாவதாக ஒருவர் முகம் காட்டாமல், முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டே பேசுகிறாரே, அந்த இடத்தில் சவுண்டு படுமோசம். கீச்சுக் கீச்சென்று கிளி பேசுவது போல வந்தது. சனம் சிரித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பதிவு செய்யும்போது டேப் ரிக்கார்டர் பேட்டரி இறங்கியிருந்தால், திரும்பப் போடும்போது இப்படித்தான் வரும். இதைப் பார்க்காமல் பிரிண்டு போட்டவர் யாரோ அவரைச் சொல்ல வேண்டும். நம் மெஷினில் இரண்டு வேகம் உண்டு: பேசும் படத்துக்கு நொடிக்கு 24 கட்டம், பழைய ஊமைப் படத்துக்கு 18. சுவிட்சைப் பதினெட்டுக்குத் தள்ளினேன். குரல் சுத்தமாக, ஆள் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்துவிட்டது. நான்கு நிமிடக் காட்சி ஐந்தேகால் நிமிடம் ஓடியது. கை கொஞ்சம் மந்தமாக அசைந்தது. அதை யார் பார்த்தார்கள்.

அக்கா, சிரிப்பு அப்படியே நின்றது. டீக்கடைச் சத்தமும் நின்றது. நல்ல சவுண்டு என்ன செய்யும் என்று அப்போதுதான் பார்த்தேன். பெண்கள் நடுவிலிருந்து ஒரே ஒரு பெண் எழுந்து போனாள், செருப்பைக்கூட விட்டுவிட்டு. மற்ற ஒருவரும் அசையவில்லை.

படம் முடியும்போது 247 பேர். கல் விழவில்லை. செருப்பு என் மைக்செட் கடையில் இருக்கிறது.

அந்தப் பேட்டரி விஷயத்தை உங்கள் ஆட்களிடம் சொல். நலம். அம்மா நலம்.

ராசப்பன்


மெட்ராஸ்
23-6-1983

ராசப்பா,

உன் கடிதத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மத்தியான இடைவேளையில் பிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு டிரங்கால் தவறாக இணைத்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

அது பேட்டரிக் கோளாறு இல்லை. அந்தக் குரலை நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படி மாற்றினோம். ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மற்ற இரண்டு பேரும் முகம் காட்டச் சம்மதித்தவர்கள். இவர் முகத்தை மறைத்தால் போதாது என்று முதல் நாளே சொன்னவள் நான். காலை எட்டு மணி முதல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு மனுஷர்களுக்கு முகம் கிடையாது. குரலை வைத்துத்தான் ஆள்.

பெட்டியில் இருந்த காகிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். நீ அதை மேசைக்குக் கொடுத்துவிட்டாய்.

உனக்கு இன்னும் புரியவில்லை என்றால் எழுதுகிறேன். எழுதக் கை வரவில்லை. நம் பஸ் ஸ்டாண்டில் மோர் விற்கிற அங்காளக்கா. மேட்டூர் பஸ் திருப்பத்தில் வரும்போதே “மோரு மோரேய்” என்று கடைசி சீட்டு வரைக்கும் கேட்குமே, அந்தக் குரல் எங்கே பழகியது என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? பத்தொன்பது வயதில் வேல்மாறன் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவர். அதைப் புருஷன் பெரியசாமிக்குக்கூடச் சொன்னதில்லை. மகள் வசந்தாமணிக்கு நிச்சயம் முடிந்து, ஆவணியில் கல்யாணம். “என்ற புள்ள கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது சாமி” என்றார். நான் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

போய்ப் பார். பேசாதே. மன்னிப்பு கேட்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துவிடாதே. வழக்கம் போல ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடி. இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

சௌந்திரம்


மேச்சேரி
27-6-1983

அக்காவுக்கு,

காகிதம் இன்னும் மேசைக்கால் அடியில்தான் இருந்தது. எடுத்துப் படித்தேன். பதினொரு வரி. ‘மூன்றாவது பெண்மணியின் குரல் மாற்றப்பட்டுள்ளது, வேகத்தில் கை வைக்க வேண்டாம்’ என்பது மூன்றாவது வரி.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்காளக்கா இல்லை. அவர் உட்காருகிற புளியமரத்தடியில் மூன்று கல் மட்டும் இருக்கிறது. படம் போட்ட மறுநாளிலிருந்தே வரவில்லை என்று டிக்கெட் கிழிக்கிற தங்கசாமி சொன்னார். ஆக நான் உனக்கு அந்தப் பெருமைக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர் இல்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மன்றத்து ஆட்கள் மெட்ராஸ்காரிகள் துட்டுக் கொடுத்துப் பேசவைத்தார்கள் என்கிறார்கள். கம்பெனிக்கு எதற்குப் போனாள், போனதுதான் தப்பு என்று இன்னொரு கட்சி. அருணகிரி வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மாள் சொன்னதை நம்புகிறேன், ஆனால் ஊரில் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம் என்றார். நம்புகிறவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். நம்பாதவர்கள் கத்துகிறார்கள். மயில்சாமி கடைப் பையன்கள் அவர் வீட்டு வழியாக சைக்கிளில் போகும்போது கிளிக்குரலில் ‘மோரு மோரேய்’ என்று கூவுகிறார்கள். சனிக்கிழமை ஒருவனைப் பிடித்துக் கன்னத்தில் வைத்தேன். அதனால் ஒன்றும் சரியாகவில்லை.

குரல் தெளிந்த முதல் வாக்கியத்திலேயே ஆள் யாரென்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம். ‘பொழுதோட பொழுதா வேலை முடிஞ்சு, எல்லாரும் போன பொறகு, உடுப்பு ரூம்புக் கதவை வெளியில தாழ் போட்டாங்க’ என்றாரே, அந்த வாக்கியம். அம்மாவுக்குப் பக்கத்தில்தான் வசந்தாமணி உட்கார்ந்திருந்தாளாம். அம்மா அவள் கையைப் பிடித்திருக்கிறாள். அவள் உதறிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அந்தச் செருப்பு அவளுடையது. எட்டு நாளாக என் கடையில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மேட்டூர். இன்னும் முறிக்கவில்லை. ‘ஆடி போகட்டும், பேசலாம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படு. பெட்டி மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கலாம் அல்லவா? மூன்றாவது வரியில் வைப்பார்களா? கரண்டு ஓடுகிற இடத்தில் ‘அபாயம்’ என்று கதவிலேயே எழுதுகிறோம், உள்ளே சுருட்டி வைப்பதில்லை. நீ எப்போதும் இப்படித்தான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை ஆளே புரிந்துகொள்ள வேண்டும் என்று இருப்பாய்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காலேஜ் போன மூன்று வருடமும் சேலம் பஸ் ஏறும்முன் அவர் கையால் மோர் குடித்தவன் நான். அந்த ஐந்தேகால் நிமிடமும் மெஷின் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியவில்லை, அக்கா. இரைச்சல் இருக்கிறதா, சவுண்டு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். குரலைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை.

ராசப்பன்


மெட்ராஸ்
1-7-1983

ராசப்பா,

சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும். சரி.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனால் நீ கேட்பாய் என்று எட்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர் சங்கத்து ஹாலில் மட்டும்தான் போடுவோம் என்று அங்காளக்காவிடம் சொல்லியிருந்தேன். சேலம் தாண்டி நம் ஊர்ப் பக்கம் வராது என்று. பிறகு நீ எழுதினாய், ‘மெஷின் தயாராக இருக்கிறது, நம் ஊரில் போடலாம், அவன் பேர் எழுதின மேடையிலேயே போடலாம்’ என்று. நான் மறுத்து எழுதியிருக்க வேண்டும். எனக்கும் அந்த மேடையில் அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்க நான் வரக்கூட இல்லை. குரலைத்தான் மாற்றிவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன். உன் மெஷினை நம்பினேன் என்று உன்னைச் சொல்லலாம். அவரிடம் திரும்பப் போய் இன்னொரு தடவை கேட்காதது நான்.

பதிவு செய்த நாளை உனக்குச் சொன்னதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சேலம் வந்தார். நாங்கள் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். நாற்பது நிமிடம் பேசினார். சும்மா உட்கார்ந்து பேச வரவில்லை, ஏதாவது வேலை கொடுங்கள் என்றார். அதனால்தான் கடலைக்காய். முடிந்த பிறகு உரித்த பருப்பை முறத்தில் கூட்டிப் பார்த்து, “ஒரு படி இருக்குமுங்க, வீணாக்கிப்போடாதீங்க” என்றார். அழுதது நாங்கள் மூன்று பேரும். அவர் இல்லை. கிளம்பும்போது மட்டும், இருபத்தெட்டு வருடத்தில் இன்றைக்குத்தான் வாய் வலிக்கிறது என்றார்.

வேல்மாறன் மற்ற இருவருக்கும் பத்திரிகையில் பதில் சொல்லிவிட்டார். இவரைப் பற்றி மட்டும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. யார் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது என்று எங்கள் குழுவில் பேசிக்கொண்டோம். அதில் எங்களுக்கு ஒரு மாதிரி வெற்றி என்றுகூட இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் வரட்டுமா? லீவு கேட்டால் நான்கு நாள் கிடைக்கும். ஆனால் நான் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றால் மிச்சம் இருக்கிற சந்தேகமும் ஊருக்குத் தீர்ந்துவிடும். நீயே சொல்.

சௌந்திரம்


மேச்சேரி
9-7-1983

அக்காவுக்கு,

வர வேண்டாம். நேற்று அவரே வந்தார்.

பகல் பன்னிரண்டரை மணி. நான் ஒரு ஹாரன் ஸ்பீக்கருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்காளக்கா முன்னால், பெரியசாமி மாமா பின்னால். அவர் ஆட்டுத் தரகர், சந்தை நாளில் வாய் ஓயாதவர். நேற்று வாசல்படியிலேயே நின்றுவிட்டார். அங்காளக்கா கையில் மோர்ப்பானை. உள்ளே ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வெளியே வந்து பழக்கம் இல்லை போலும்.

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “மன்னாப்பெல்லாம் கேக்காதீங்க சாமி. அதை வாங்கி எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல” என்றார். பிறகு, ஊரே கேட்டுவிட்டது, பேசின நான் மட்டும் இன்னும் கேட்கவில்லை, போட்டுக் காட்டுங்கள் என்றார்.

கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டு, சுவரிலேயே படத்தை அடித்தேன். அவர் வருகிற இடத்துக்கு ஓட்டினேன். 24-இல்தான் வைத்திருந்தேன். கீச்சுக்குரல் வந்தது.

“ஆருங்க இது, கிளி சோசியமா?” என்றார்.

பெரியசாமி மாமா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது மூன்று விநாடி இருக்கும். அதற்குப் பிறகு, அன்றைக்கு ஊர் கேட்டதைப் போடச் சொன்னார். என் கை போகவில்லை. எது சுவிட்ச் என்று காட்டினேன். அவரே ஒரு விரலால் பதினெட்டுக்குத் தள்ளினார்.

ஐந்தேகால் நிமிடம். பானையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரி சொல்வதைக் கேட்பது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இரண்டு இடத்தில் ‘ஆமா’ என்றார். பெரியசாமி மாமா சுவரைப் பார்க்கவில்லை. ஒயர் சுருள் மாட்டியிருக்கிற பக்கம் திரும்பி நின்றார். ஓடி முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

“நெசந்தானா?”

“ஆமாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தாக் கட்டியிருப்பீங்களா?”

அவர் சுவரில் தொங்கிய ஒயர் சுருளை எடுத்துத் திரும்பச் சரியாக மாட்டினார். சாக்கை விலக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணம் நின்றுவிட்டது, அக்கா. புதன்கிழமை மேட்டூர்காரர்கள் நிச்சயத்தட்டைத் திருப்பிவிட்டார்கள். நேரில் வரவில்லை. டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, புளியமரத்தடியில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள். தங்கசாமிதான் எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் கொடுத்தார். வசந்தாமணி தன் அம்மாவோடு பேசி இருபது நாள் ஆகிறது. சோறு போட்டால் தின்கிறாள். அவ்வளவுதான்.

வாழப்பாடியில் அங்காளக்காவின் தங்கச்சி செல்லியம்மாள் இருக்கிறார். அங்கே போய்விடப் போகிறார்கள். மகளுக்கு அந்தப் பக்கம் ஒரு வரன் பார்க்கலாம் என்று. மாமா சந்தைக்கு மட்டும் வந்து போவாராம்.

பிறகு அங்காளக்கா கேட்டார்: இது இன்னும் எங்கெங்கே போகும்? ஆத்தூர், தர்மபுரி, ஈரோடு என்று நீ எழுதியிருந்த பட்டியலை அப்படியே சொன்னேன். வாழப்பாடி அதில் இல்லை, ஆனால் ஆத்தூர் ரோட்டில்தானே இருக்கிறது. “என்ற பேச்சை மட்டும் வெட்டி எங்கிட்டக் குடுத்துருங்க” என்றார்.

நான் வாதாடினேன். என் குணம் உனக்குத் தெரியும். நீங்கள் சொன்னது நிஜம், வெட்டினால் அவன் தப்பித்துவிடுவான், ஊரில் பாதிப் பேர் இப்போது உங்கள் பக்கம் என்றெல்லாம் சொன்னேன்.

“நெசம்தான் சாமி. என்ற நெசம். அதை எம்புள்ள தலைமேல ஏன் வெக்கறீங்க?” என்றார்.

வெட்டினேன். உங்களைக் கேட்கவில்லை. 24-இல் நான்கு நிமிடம், நிமிடத்துக்கு 36 அடி, ஆக 144 அடி. இரண்டாவது பெண்ணின் கடைசிக் கட்டத்தையும் முடிவு எழுத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். ஒட்டு சுத்தமாக வந்திருக்கிறது, ஓட்டினால் யாருக்கும் தெரியாது. சுருளை அங்காளக்கா பானைக்குள் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். போகும்போது பெரியசாமி மாமா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்த செருப்பைப் பார்த்தார். யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

மற்ற பிரிண்டுகளிலும் வெட்ட வேண்டும். அது உன் பொறுப்பு.

ராசப்பன்


மெட்ராஸ்
20-7-1983

ராசப்பா,

வெட்டியாயிற்று. இருந்த மூன்று பிரிண்டிலும், நெகட்டிவிலும்.

குழுவில் மூன்று மணி நேரம் சண்டை. நான் இத்தனை வருடம் கூட இருந்தவர்களா இவர்கள் என்று இருந்தது. அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அந்த நான்கு நிமிடம்தான் படம், மீதி எல்லாம் அதற்கு முன்னுரை என்று ஒருத்தி சொன்னாள். ஒருவர் குடும்பத்துக்காக மற்ற பெண்களைக் கைவிடுவதா என்றாள் இன்னொருத்தி. படத்தில் பேசிய முதல் இரண்டு பேரில் ஒருவரும் அங்கே இருந்தார். அவருக்கும் கல்யாண வயதில் மகள் உண்டு. ‘நான் முகத்தைக் காட்டினேனே’ என்று மட்டும் சொன்னார். சத்தியம் செய்தவள் நான், அதை மட்டும் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள்.

போன வாரப் பத்திரிகையில் வேல்மாறன் பேட்டி வந்திருக்கிறது. ‘ஒழுங்கீனத்துக்காகக் கம்பெனியை விட்டு அனுப்பப்பட்ட இரண்டு பெண்களின் பொறாமை’ என்கிறார். இரண்டு என்று எண்ணிச் சொல்கிறார். வெட்டியது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம், இனிமேல் இரண்டு பேர்தான்.

மூல டேப் என்னிடம் இருக்கிறது. நாற்பது நிமிடமும். படத்தில் வராத முப்பத்தைந்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? அழுகையெல்லாம் இல்லை. முதல் தடவை மேடையேறிய கதை. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று ஏரிக்கரையில் நின்று கத்திப் பழகியது. அக்கரையில் ஆடு மேய்க்கிறவர் கையைத் தூக்கிக் காட்டினால் கேட்டது என்று அர்த்தமாம். அதைச் சொல்லும்போது சிரிக்கிறார். நேற்று அறையில் தனியாக ஒரு முறை போட்டுக் கேட்டேன். அதை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

அவர் எப்படி இருக்கிறார்?

சௌந்திரம்


மேச்சேரி
7-8-1983

அக்காவுக்கு,

ஆடி முதல் வாரமே கிளம்பிவிட்டார்கள். ஒரு மாட்டு வண்டிச் சாமான். அம்மா போய் நின்றாள். வசந்தாமணி நம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாளாம், காலில் அந்தச் செருப்புதான் இருந்ததாம். தன் அம்மாவோடு பேசினாளா என்று கேட்டேன். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்றாள் அம்மா.

புளியமரத்தடியில் ஒருவன் ஐஸ்பெட்டி வைத்துக் கலர் சோடா விற்கிறான். மணி அடிக்கிறான். சைக்கிள் பையன்கள் கிளிக்குரலை நிறுத்திவிட்டார்கள்; கேட்க ஆள் இல்லை. டீக்கடையில் இப்போது எல்லோரும் ‘பாவம்’ என்கிறார்கள். மன்றத்தில்கூடச் சொல்கிறார்கள். அவர் ஊரில் இருந்தபோது ஒருவரும் சொல்லவில்லை.

தங்கசாமி போன வாரம் ஆத்தூர் பஸ்ஸில் போனார். வாழப்பாடி ஸ்டாண்டில் அங்காளக்காவைப் பார்த்திருக்கிறார். மோர்தான் விற்கிறார். கூவுவதில்லையாம். டம்ளரைப் பானை விளிம்பில் தட்டுகிறாராம். வியாபாரம் எப்படி என்று கேட்டதற்கு, “பஸ்ஸுக்குள்ள வரைக்கும் கேக்கறதில்லீங்க, எறங்குனவங்க குடிக்கறாங்க” என்றாராம். அதைச் சொல்லும்போதும் மெதுவாகத்தான் பேசினாராம்.

வேல்மாறன் இந்த மாதம் சுதந்திர தினத்துக்கு நம் மேடைக்கு வருகிறார். மயில்சாமி மைக் செட்டுக்கு முன்பணத்தோடு வந்தான். பழசையெல்லாம் மனதில் வைக்காதே என்கிறான். இந்த வட்டாரத்தில் நல்ல செட்டு என்னுடையது ஒன்றுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தாயிற்று. செய்யப்போவது:

1. மயில்சாமிக்கு நாளைக் காலை முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன். அந்த மேடைக்கு இனி என் ஒயர் போகாது. காரணம் கேட்டால் டீக்கடையில் நின்றே சொல்வேன், ஆனால் அங்காளக்கா பேரை எடுக்க மாட்டேன்.

2. மெஷினில் அந்தச் சுவிட்சை 24-இல் வைத்து ஈயம் பற்றவைத்துவிடுவேன். ஊமைப் படம் யாரும் கேட்டு வருவதில்லை.

3. மேசையின் குட்டைக் காலுக்குச் சரியான கட்டை அறுத்துப் போடுவேன். இரண்டு வருடமாகச் செய்திருக்க வேண்டிய வேலை.

4. டேப்பை நீ அனுப்பு. பெட்டி மேல் சிவப்பு மையில் எழுத வேண்டாம், ஒன்றுமே எழுத வேண்டாம். நான் போட்டுக் கேட்க மாட்டேன்.

5. வந்த மறுநாள் வாழப்பாடி போவேன். ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிப்பேன். டேப்பை அவர் கையில் கொடுத்து, இதில் நாற்பது நிமிடமும் இருக்கிறது, இது உங்களுடையது என்று மட்டும் சொல்வேன். வைத்துக்கொள்வதும் அடுப்பில் போடுவதும் அவர் இஷ்டம்.

6. அடுத்த பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அங்கே வரைக்கும் டம்ளர் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்காவிட்டாலும் கூவச் சொல்ல மாட்டேன்.

ராசப்பன்